‘புடி’ என்று கத்தியவள்

பாக்கியமேரி கையை ஓங்கினால் ஆண்பிள்ளைகளே இரண்டடி தள்ளி நிற்பார்கள். மானாம்பதிப் பக்கம் அவள் இருந்த காலனியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கையகல நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதிலிருந்து ஊரார் வயலில் நாற்றுக்கட்டும் கதிர்க்கட்டும் சுமந்த உடம்பு அது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் புருஷன் ஜான் குடித்துவிட்டு வந்து அடிக்கக் கையை ஓங்கினான். அவள் திருப்பி அடிக்கவில்லை. ஓங்கிய கையை மணிக்கட்டில் பிடித்தாள், அவ்வளவுதான். ஒரு வாரம் அவன் இடது கையால் சோறு தின்றான். அதற்குப் பிறகும் ஜான் குடித்தான், ஆனால் கையை ஓங்கவில்லை.

இந்தக் கைக்கு ஏற்ற வேலை தொண்ணூற்று நான்கில் கிடைத்தது. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் அரிசி ஆலை முதலாளி ஒருவர் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றைத் திறந்தார். மேரி அங்கே கூட்டிப் பெருக்கப் போனாள். பொருட்காட்சிக்காரர்களிடம் பழையதாக வாங்கிய ஒரு ரோலர் கோஸ்டர்தான் அங்கே ராஜா. சங்கிலி இழுத்து வண்டியை மேட்டில் ஏற்றும். பிறகு அது தன் பாட்டுக்கு விழுந்து, வளைந்து, அலறும் ஜனத்தோடு, ஆட்கள் ஏறி இறங்கும் மேடைக்கு வந்து சேரும்.

வந்து சேருவதை நிறுத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். தண்டவாளத்துக்கு நடுவே நீளமாக மரப்பலகை, அதன் மேல் ரப்பர் பட்டை, பக்கத்தில் ஆளுயர இரும்புத் தடி. தடியை இழுத்தால் பலகை எழும்பி வண்டியின் அடிவயிற்றை உரசும். ஒருநாள் தடிக்காரன் பீடி பற்றவைக்கப் போன நேரத்தில் வண்டி வந்துவிட்டது. மேரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடித் தடியில் தொங்கினாள். ரப்பர் தீய்ந்த நாற்றத்தோடு வண்டி மேடையின் கடைசி விளிம்பில் நின்றது. முதலாளி தடிக்காரனை எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்துத் துரத்தினார். மறுநாளிலிருந்து தடி மேரியுடையது.

நாலு வருஷம் அவள்தான் இழுத்தாள். அந்தப் பிரேக்குக்கு அவசரம் தெரியாது. ஏழு பெட்டி நீளத்துக்குத் தேய்த்துத் தேய்த்துத்தான் நிறுத்தும். மழை நாளில் பலகை வழுக்கும். இரண்டு கம்பம் முன்னாலேயே இழுக்க வேண்டும். மேடையில் இருப்பவர்கள் வண்டியைப் பார்த்ததும் “புடி மேரி!” என்பார்கள், அவள் இழுப்பாள். “வுடு மேரி!” என்பார்கள், தளர்த்துவாள். ஒரு நாளைக்கு அறுபது முறை இந்த இரண்டு சொல்தான். புடி என்றால் பிரேக் என்று அவள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

தொண்ணூற்றெட்டில் முதலாளிக்கு ஆசை பெருத்தது. வெளிநாட்டில் கழித்துப்போட்ட பெரிய கோஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு வண்டிகள் மாறி மாறி ஓடும். ஒன்று மேடையில் ஜனத்தை இறக்கும்போது மற்றது மேலே சரிவின் தலையில் காத்து நிற்க வேண்டும். அங்கே ஒரு பிரேக், மேடையில் ஒரு பிரேக். மரப்பலகையெல்லாம் போயிற்று. இப்போது இரும்புக் கிடுக்கி. வண்டியின் அடியில் தொங்கும் தகட்டை இரண்டு பக்கமும் கவ்வும். கிடுக்கியை மூடுவது ஸ்பிரிங். திறப்பது காற்று. குழாயில் காற்றை ஏற்றினால் வாய் திறக்கும். காற்று இறங்கினால் கவ்வும். ஹோஸ் அறுந்தாலும், கரண்ட் போனாலும் வண்டி நிற்குமே ஒழிய ஓடாது.

மேரிக்கு இது பிடிக்கவில்லை. பழைய பிரேக் அதட்டி நிறுத்தியது, இது கழுத்தைப் பிடித்து நிறுத்தியது. ஒன்றரைப் பெட்டி நீளம்தான், வெட்டினாற்போல நிற்கும். முதல் வாரத்திலேயே இரண்டு பேருக்கு மூக்கில் ரத்தம். சென்னையிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் பிரவீன் சின்ன வயசுக்காரர், அவளிடம் மரியாதையாகப் பேசுகிற ஒரே சட்டை போட்ட மனிதர். அவரிடம் கேட்டாள்.

“ஏன் சார், இத்தக் கொஞ்சம் மெள்ளமா நிக்க வெக்க முடியாதா?”

“வெளிநாட்டுல இப்ப காந்தம் வெச்சிருக்காங்கம்மா. வண்டியைத் தொடவே தொடாது. வேகமா வந்தா வேகமா இழுக்கும், வேகம் கொறையக் கொறைய அதுவும் பிடியைத் தளர்த்திடும். யாருக்கும் அடிபடாது.”

“தொடாமலே நிக்குமா?”

“முழுசா நிக்காது. நடக்கிற வேகத்துக்கு வந்துடும். ஊர்ந்து போற வண்டியை அதால நிறுத்த முடியாது. அதுக்குக் கடைசியில ஒரு கிடுக்கி வேணும்.”

“எம் புருசங்கூட நான் தொடாமலே நின்னுடுவான் சார்,” என்றாள் மேரி. பிரவீன் விழுந்து விழுந்து சிரித்தார்.

கம்ப்ரெசரைப் பார்த்துக்கொள்ள வேதகிரி வந்தான். ஏரிக்கரை இருளர் குடியிருப்புக்காரன், முப்பது வயது, அதிகம் பேசாதவன். அதற்கு முன்னால் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் சைக்கிள் கடையில் ஒன்பது வருஷம் பம்பு அடித்தவன். “காற்று சமாச்சாரம் தெரிஞ்ச பையன்” என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். மேரியை யக்கா என்பான். மதியம் இரண்டு பேரும் கம்ப்ரெசர் கொட்டகையில் சாப்பிடுவார்கள். அவன் பெண்டாட்டி செவ்வந்தி சுட்டு அனுப்பும் ஏரிமீனில் பாதி மேரிக்குப் போகும். கூடப் பிறந்தவர்களோடுகூட மேரி அப்படி ஒட்டியதில்லை.

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில், மேல் பிரேக்கை இயக்கும் பொத்தான் செத்துப்போனது. சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டக்கூடாது என்று பிரவீன் எழுதிக் கொடுத்தார். மேலாளர் ரமேஷ் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தீபாவளிக் கூட்டம் வருகிற நேரத்தில் மூடுவதாவது! பிரவீனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, மேல் பிரேக்கின் அடியில், கம்ப்ரெசர் கொட்டகையை ஒட்டி, ஒரு வால்வைப் பொருத்தி, அதன் பக்கத்தில் வேதகிரியை உட்கார வைத்தான்.

ஏற்பாடு இதுதான். வண்டி மேலே வந்து கிடுக்கியில் நிற்கும். மேடை காலியானதும் மேரி பச்சைத் துணியை ஆட்டுவாள். வேதகிரி வால்வைத் திருப்பிக் காற்றை ஏற்றுவான், கிடுக்கி திறக்கும், வண்டி சரிவில் இறங்கும். பிறகு காற்றை இறக்கிவிடுவான். பத்து நாள் துணியை வைத்தே ஓட்டிவிட்டார்கள். ஒரு சொல் பேச வேண்டி வரவில்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தூறல். தாமல் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேன் பிடித்து வந்திருந்தது. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டாவது வண்டியின் முன்சீட்டில். முதல் வண்டி மேடையில் நின்றது. அதில் ஒரு கிழவியின் சேலை முந்தானை மடிமேல் மாட்டும் பாதுகாப்புக் கம்பியில் சிக்கிக்கொண்டது. மேரி குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக மேலே பார்த்தாள்.

மேலே நின்ற வண்டி நகர்ந்தது. ஒரு முழம். நின்றது. இன்னொரு முழம். தேய்ந்துபோன கிடுக்கி, மழை ஈரம், தகடு வழுக்கிக்கொண்டிருந்தது. குழாயில் மிச்சக் காற்று இருந்தால் வேதகிரி அதை உடனே இறக்கியாக வேண்டும். துணியெல்லாம் மறந்தே போயிற்று. நாலு வருஷம் நாளைக்கு அறுபது முறை கேட்ட சொல்தான் வாயில் வந்தது.

“புடி! வேதகிரி, புடிடா! புடி!”

வேதகிரி ஒன்பது வருஷம் சைக்கிள் கடையில் இருந்தவன். கையில் ஹோஸ் இருக்கும்போது ஒருத்தர் ‘புடி’ என்றால் அந்தக் கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காத்து புடி. டயரில் காற்றை ஏற்று.

ஏற்றினான். முழு வால்வையும் திறந்தான்.

‘உஸ்’ என்று காற்று ஏறும் சத்தம் மேடைவரை கேட்டது. அந்தச் சத்தத்திலேயே மேரிக்குப் புரிந்துவிட்டது. கிழவியைச் சேலை கிழியக் கிழிய வெளியே இழுத்துப் போட்டாள். மேல் வண்டி சரிவில் பாய்ந்து வந்து நின்ற வண்டியின் முதுகில் மோதியது. இரும்பு இரும்பை இடித்த சத்தம். கூடவே அலறல். மாப்பிள்ளையின் முழங்கால் எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. புதுப்பெண்ணின் முன்பற்கள் கம்பியில் போய்விட்டன. கூறைப் புடவையின் நிறத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைப் பார்த்துவிட்டு, ஊளையிட்டாள்.

பெண்ணின் அண்ணன் வரதன், தாட்டியான ஆள், மேலாளர் ரமேஷின் சட்டையைப் பிடித்தான். ரமேஷ் ஒரு விரலைத்தான் நீட்டினான்.

“நான் இன்னா சார் பண்ணுவேன்? வால்வத் தொறந்தவன் அதோ கீறான். குடிச்சிட்டு வந்துகீறான் பொறம்போக்கு.”

வேதகிரி வாழ்நாளில் குடித்ததில்லை. அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. இருபது பேர் கொட்டகைப் பக்கம் ஓடினார்கள். அவன் தப்பி ஓடக்கூட இல்லை. அடிபட்டவர்களைத் தூக்க எதிரே ஓடிவந்துகொண்டிருந்தான். முதல் அடி முகத்தில். கீழே விழுந்ததும் உதைத்தார்கள். ஒருவன் காதில் மிதித்தான். ஒருவன் செங்கல்லை எடுத்து முதுகில் போட்டான். வரதன் கொட்டகையிலிருந்து நீளமான ஸ்பானர் ஒன்றை எடுத்து வந்து தாடையில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே கேட்டது. வண்டியை நிறுத்த இத்தனை தினுசு வைத்திருக்கிறார்கள். மனிதக் கூட்டத்தை நிறுத்த ஒன்றுகூடக் கிடையாது.

மேரி உள்ளே புகுந்தாள். “நாந்தான் சொன்னேன்! நாந்தான்டா புடின்னு சொன்னேன், என்ன அடிங்கடா!” என்று கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை. முதுகில் நாலு அடி விழுந்தது, கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள், உதடு கிழிந்தது. வரதன் ஸ்பானரை மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை அது மண்டையில் விழுந்திருக்கும். மேரி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, வெறும் பிடியோடு விடாமல், திருகினாள். வரதன் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். கீழே விழுந்த ஸ்பானரை அவள் எடுத்துக்கொண்டு வேதகிரியின் இரண்டு பக்கமும் காலைப் பரப்பி நின்றாள்.

“இன்னொரு கை மேல பட்டுச்சி, மண்டய ரெண்டாப் பொளந்துடுவேன். வாங்கடா. எவன் மொதல்ல?”

அவள் வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. சொன்னதைச் செய்வாள் என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தனும் வரவில்லை. போலீஸ் ஜீப் வரும்வரை அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

வேதகிரியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் ரமேஷ் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் எழுதினார். குடிபோதை. கவனக்குறைவு. எச்சரித்தும் வால்வைத் திறந்தான். மேரியைச் சுவரோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். வரும் வழியில் ரமேஷ் அவளிடம் பேசி முடித்திருந்தான்: நீ நிறுத்தச் சொன்னாய், அவன் கேட்கவில்லை. அப்படிச் சொன்னால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் நீயும் உள்ளே.

“நீ இன்னாம்மா கத்தின?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“புடின்னு கத்தனேன் சார்.”

“கரெக்ட். பிரேக்கப் புடின்னு சொல்லிகீற. அவன் புடிக்கல.”

“இல்ல சார். அவன் புடிச்சான். நான் ஒண்ணச் சொன்னேன், அவனுக்கு இன்னொண்ணு கேட்டுச்சி. அவன் மேல தப்பு இல்ல.”

“புடின்னா புடிதான். அதுல இன்னா இன்னொண்ணு?” இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் வந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்துக் கத்தினார். “யோவ், எத்தினி வாட்டி சொல்றது? ஜீப்பு பின்டயரு உக்காந்துகினு கீது. போய் காத்து புடிச்சிகினு வாய்யா!”

மேரி துள்ளி எழுந்துவிட்டாள்.

“இப்ப இன்னா சார் சொன்னீங்க? புடின்னுதான சொன்னீங்க? அவுரு இப்ப காத்த ஏத்துவாரா, எறக்குவாரா?”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், எழுதிய தாளைப் பார்த்தார். மனிதர் முட்டாளில்லை. வேதகிரி பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

“அப்ப தப்பான வார்த்த சொன்னவ நீ. ஒம் பேர எழுதட்டுமா?”

“எழுதுங்க. கூடவே அந்தப் பொத்தானு பதினோரு நாளா செத்துக் கெடந்துச்சின்னும் எழுதுங்க. எஞ்சினியரு சாரு எழுதிக் குடுத்த தாளு இவுரு பாக்கெட்லதான் இருந்துச்சி.”

பெயரை எழுதினார். மற்றதை எழுதவில்லை. ரமேஷ் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்த இருபது பேர் மேல் வழக்கே கிடையாது.

பதினெட்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேதகிரியின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒரு காது நிரந்தரமாகப் போய்விட்டது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த செவ்வந்தியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். செவ்வந்தி எழுந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவள் நெஞ்சில் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். மேரி கையைத் தூக்கவில்லை. கை ஓய்ந்ததும் செவ்வந்தி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, “உள்ள போய்ப் பாரு. ஒன்னத்தான் கேட்டுகினு கீறாரு, கையால,” என்றாள்.

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. இதற்கிடையில் பூங்காவைச் சென்னைக்காரர்கள் வாங்கி, காந்தம் வைத்த புது கோஸ்டர் போட்டார்கள். மேரி வயல்வேலைக்கே திரும்பிவிட்டாள். பல் போன அந்தப் பெண்ணின் முகம் கனவில் வந்து அவளைத் தூங்கவிடவில்லை. நிஜமாகவே தண்டனை கிடைத்தால் தேவலை என்றுகூட இருந்தது.

வேதகிரி அரசுத் தரப்புச் சாட்சி. கூண்டில் ஏறி, கோணிய தாடையோடு நின்றான். மேரி என்ன கத்தினாள் என்று வக்கீல் கேட்டார். அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். சொன்னால் அவள் உள்ளே போவாள்.

“எனக்குக் காது கேக்காது சார்,” என்றான் வேதகிரி. “யக்கா கத்துனது எங்காதுல வுயல. நானாத்தான் தொறந்தேன்.”

மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றவாளிக் கூண்டிலிருந்தே கத்தினாள். “பொய்யி! பொய்யி சொல்றான் அம்மா! அவன் காது அன்னிக்கி நல்லாத்தான் இருந்துச்சி. அப்பறமாத்தான் மிதிச்சிக் கெடுத்தானுங்க!”

மாஜிஸ்திரேட் அம்மாள் மேஜையைத் தட்டினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருஷமாகத் தப்பை அடுத்தவர்மேல் தள்ளிவிடுகிற ஜனத்தையே பார்த்துச் சலித்தவர், தப்புக்காக அடித்துக்கொள்ளும் இரண்டு பேரை அன்றுதான் பார்த்தார் போலிருக்கிறது.

“இருங்க. வண்டியை நிறுத்தறதுக்கு ஒருத்தர் கத்தணும், இன்னொருத்தர் கேக்கணும்னு ஏன் வெச்சாங்க? மெஷின்ல பொத்தான் இல்லையா?”

மூன்று வருஷத்தில் அந்தக் கேள்வியை முதல்முறையாக ஒருத்தர் கேட்டார். மேரி சொன்னாள். பதினோரு நாள், தாள், சட்டைப் பை, எல்லாம். பிரவீனை வரவழைக்க உத்தரவாயிற்று. ரமேஷையும் வழக்கில் சேர்க்கும்படியாயிற்று. அது மேலும் ஒன்றரை வருஷம் போய், ரமேஷுக்கு ஆறு மாதம், மேரிக்கு விடுதலை என்று முடிந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

கோர்ட் வராந்தாவில் மேரி வேதகிரியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தாள்.

“எதுக்குடா பொய் சொன்ன? அந்தம்மா ஒன்னத் தூக்கி உள்ள போட்ருந்தா? செவ்வந்தி இன்னா பண்ணுவா?”

“நீ மட்டும் எதுக்கு நெசத்தச் சொன்ன? நீ போவலாம், நான் போவக்கூடாதா?”

பளாரென்று ஓர் அறை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். வேதகிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

“யக்கா,” என்றான், “இது கேக்குற காது.”

மேரிக்கு உயிர் போய்விட்டது. அவன் தலையை இரண்டு கையாலும் இழுத்து, அந்தக் காதில் வாயை வைத்து, “கேக்குதா? டேய், நான் பேசறது கேக்குதா?” என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி மறுபடி கேட்டாள். கேட்கக் கேட்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயிலில்கூட அழாதவள், அத்தனை போலீஸ்காரர்களும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். வேண்டிய மட்டும் அழவிட்டுவிட்டு வேதகிரி மெல்லச் சொன்னான்.

“கேக்குதுக்கா. கொஞ்சம் மெள்ளப் பேசு.”